ஃபோர்க் மாற்றம்: மரை போட்டதா, மரை இல்லாததா, டேப்பரா?

சைக்கிளுக்கு வேறு ஃபோர்க் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது சக்கர அளவு, அப்புறம் பிரேக். இரண்டும் சரியாக இருந்தும் ஃபோர்க் உட்காராமல் போனால் பெரும்பாலும் சிக்கல் ஹெட்செட்டில்தான், அதாவது ஃபிரேமின் முன் குழாயில் (ஹெட் டியூப்) ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங் தொகுப்பில்தான் இருக்கும்.

ஒரு இன்ச் மரை போட்ட பழைய ஃபோர்க்கின் ஸ்டீரர் குழாய் (ஹெட் டியூபுக்குள் ஏறும் மேல் குழாய்) வெளிவிட்டம் 25.4 மி.மீ. பழைய சாமான்களில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மூன்றிலும் அதிகம் காலை வாரிவிடுவது இதுதான். ஒரு இன்ச் என்ற ஒரே பெயரில் பல அளவுகள் ஓடுகின்றன. ஃபோர்க் கழுத்தில் அடிக் கோன் (ஹெட்செட்டின் கீழ் பேரிங்கைத் தாங்கும் வளையம்) ஏறி உட்காரும் இடம் ஐஎஸ்ஓ முறையில் 26.4, ஜப்பானிய ஜேஐஎஸ் முறையில் 27.0. வித்தியாசம் வெறும் 0.6 மி.மீ., கண்ணுக்குத் தெரியாது. 27.0 கோனை 26.4 கழுத்தில் போட்டால் கையாலேயே வழுக்கி இறங்கிவிடும். அதைப் பார்த்து சந்தோஷப்படாதீர்கள், கோன் சுத்தியல் தட்டில்தான் இறங்க வேண்டும். தளர்வாக விட்டால் முன் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டொக் டொக் என்று ஆடும். தகரம் சுற்றி ஏற்றித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளவே கூடாது. 27.0 கழுத்தைக் கடைந்து 26.4 ஆக்கலாம், திருப்பிச் செய்ய வழியில்லை. ஸ்டீரர் நீளமும் முக்கியம்: ஹெட் டியூபும் ஹெட்செட்டும் எடுக்கும் உயரத்துக்குக் குறைந்தால் மேல் நட்டுக்கு மரையே எட்டாது.

என் ஓட்டு 1⅛ இன்ச் மரையில்லாத ஃபோர்க்குக்கே. ஸ்டீரர் 28.6, கோன் 30.0, ஃபிரேமுக்குள் அடிக்கும் கப் (பேரிங் கிண்ணம்) 34 மி.மீ. உங்கள் பழைய எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) 1⅛ இன்ச் மரை வகை என்றால் ஹெட் டியூபைத் தொடவே வேண்டாம், ஹெட்செட்டும் ஸ்டெம்மும் (ஹேண்டிலைப் பிடிக்கும் பாகம்) மாற்றினால் போதும். ஸ்டீரரை நீளமாக வாங்கி, ஸ்பேசர் அடுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் அறுத்துக்கொள்ளலாம்.

டேப்பர் ஃபோர்க்கின் ஸ்டீரர் கீழே போகப் போக அகலும்; அடிப்பகுதி 1½ இன்ச், கோன் 39.8. புது நல்ல ஃபோர்க்குகள் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன, ஆசை வரத்தான் செய்யும். ஆனால் 34 மி.மீ. ஹெட் டியூபில் நுழையவே நுழையாது. 44 மி.மீ. உள்விட்டம் இருந்தால் அடியில் வெளிக் கப் வைத்துப் போடலாம். நேர் ஸ்டீரரை டேப்பர் ஃபிரேமில் போடுவது சுலபம், அளவு குறைக்கும் அடிக் கோன் ஒன்று போதும்.

எதை வாங்கினாலும் சக்கர அச்சிலிருந்து கோன் உட்காரும் இடம்வரை பழையதையும் புதியதையும் அளந்து பாருங்கள். 20 மி.மீ. கூடினால் ஹெட் டியூப் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும், பெடல் உயரும். குறைந்தால் ஹேண்டில் துறுதுறுக்கும், பெடல் தரையில் தட்டும். சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு நேர் ஃபோர்க் (அமுங்காதது) போடுகிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்: 100 மி.மீ. பயணம் உள்ள, அதாவது அவ்வளவு அமுங்கும் ஃபோர்க் இருந்த இடத்தில் சாதாரண நேர் ஃபோர்க் வைத்தால் முன்பக்கம் பல சென்டிமீட்டர் இறங்கிவிடும், அதனால் சஸ்பென்ஷன் உயரத்துக்கென்றே நீட்டிச் செய்ததைக் கேட்டு வாங்குங்கள்.