ஏற்காட்டில் வாங்கிய புரோபோலிஸ்: கட்டி அசல், லேபிள்தான் கோளாறு

ஏற்காட்டில் ஒரு தேன் கடையில் (பெயர் வேண்டாம்) புரோபோலிஸ், அதாவது தேனீ மரப்பிசினைச் சேர்த்துக் கூட்டில் பூசும் பசை, கட்டியாக ஒரு டப்பாவும் சொட்டு மருந்தாக ஒரு பாட்டிலும் வாங்கினேன். கட்டிக்கு ஐந்தில் நான்கு தரலாம், பாட்டிலுக்கு ஒன்று கொடுப்பதே அதிகம்.

கட்டி மலைக் குளிரில் கெட்டியாக இருந்தது, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி சேலம் வெயிலுக்கு வந்ததும் இளகி டப்பாவோடு ஒட்டிக்கொண்டது. அது குறை இல்லை, அசல் சரக்கு அப்படித்தான் இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுபடி இறுகிப் பட்டென்று உடைகிறது. உடைந்த இடத்தில் ஒரு தேனீ இறகுத் துண்டும் மரச்சிராயும் தெரிந்தன, தேனீப் பெட்டியிலிருந்து சுரண்டியதுதான். விரலில் பட்ட மஞ்சள் கறை சோப்புக்கு அசையவே இல்லை, சானிடைசர் தேய்த்ததும் போய்விட்டது.

மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினைத் தேனீ வாயால் கடித்து இழுத்து, மகரந்தம் சுமக்கும் அதே பின்னங்கால் குழியில் அப்பிக்கொண்டு வரும். ஆனால் அதைத் தானாக இறக்க முடியாது, கூட்டில் இருக்கிற இன்னொரு தேனீ வந்து பிய்த்து எடுக்க வேண்டும். அப்புறம் மெழுகு சேர்த்து இடுக்குகளை அடைக்கும், முட்டையிடும் அறைகளுக்குள் மெல்லிசாகப் பூசும். கிருமிகளை வளரவிடாது என்பதால்தான் இந்தப் பாடு. உள்ளே புகுந்து கொட்டு வாங்கிச் செத்த எலியை இழுத்து வெளியே போட முடியாவிட்டால், அழுகாமல் இருக்க அதன் மேலேயே பூசி மூடிவிடும்!

சரி, லேபிளுக்கு வருவோம். 'சேர்வராயன் மலை அடுக்குத் தேனீ புரோபோலிஸ்' என்று போட்டிருக்கிறார்கள். பொந்திலும் பெட்டியிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் நம்ம நாட்டு அடுக்குத் தேனீ பிசின் சேர்ப்பதே இல்லை எனலாம், இடுக்கை மெழுகாலேயே அடைத்துக்கொள்ளும். டப்பா டப்பாவாக விற்கிற அளவுக்கு வேண்டுமென்றால் இத்தாலியத் தேனீப் பெட்டிதான் வேண்டும். 1990களின் தொடக்கத்தில் தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்ற, தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் வந்து தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் கூடுகள் கொத்துக் கொத்தாக அழிந்த பிறகு இங்கே பரவலானது அந்த இத்தாலிய இனம். கடைக்காரரிடம் "அண்ணா, இது எந்தத் தேனீ?" என்று கேட்டால், "எல்லாம் மலைத்தேனீதாங்க" என்கிறார். பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கூடு கட்டும் மலைத்தேனீயை யார் பெட்டியில் வளர்த்தார்களோ!

பாட்டிலில் 'ஆல்கஹால் இல்லாதது, தண்ணீரில் கரைத்தது' என்று பெருமையாக எழுதியிருக்கிறது. இந்தப் பிசின் ஆல்கஹாலில்தான் நன்றாகக் கரையும், தண்ணீரில் கொஞ்சம்தான். ஆல்கஹாலில் ஊறவைத்த சாறாக இருந்தால், ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விட்டதும் பிசின் பிரிந்து பால்போலக் கலங்கும். இது தெளிவாக, தித்திப்பாக அப்படியே கலந்துவிட்டது. சர்க்கரைப் பாகுக்கு இந்த விலையா?

வாங்குவதானால் கட்டியை மட்டும் வாங்குங்கள். தேனீப் பொருள் எதுவும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம், சிலருக்குத் தோலில் பட்டாலே அரிக்கும். பாட்டிலைத் திருப்பித் தரலாமா என்று போனில் கேட்டதற்கு, "சீல் உடைச்சிட்டீங்களே தம்பி" என்று வைத்துவிட்டார்.