தீயில் கருகிய நெகட்டிவிலிருந்து: அபு முப்படத் தொகுப்பின் ப்ளூரே பதிப்பு

பழைய படங்களைச் சேர்த்து வைக்கும் பழக்கமுள்ளவர்கள், ஒரு புதிய பதிப்பு கைக்கு வந்தவுடன் முதலில் பார்ப்பது, அது எந்தப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைத்தான். அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ப்ளூரே தொகுப்பில் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955), ‘அபராஜிதோ’ (1956), ‘அபுர் சன்சார்’ (1959) ஆகிய, அபு என்ற சிறுவன் வளர்ந்து பெரியவனாவதைச் சொல்லும் மூன்று படங்களும் அடங்கியுள்ளன. இந்தத் தொகுப்பின் தரத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால், அவற்றின் மூல நெகட்டிவுகளுக்கு, அதாவது கேமராவில் ஓடிய முதல் சுருள்களுக்கு, நேர்ந்ததைச் சொல்லாமல் தொடங்க முடியாது.

ராய் 1992 ஏப்ரலில் காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஆஸ்கர் அகாதெமியின் கௌரவ விருதை மருத்துவமனைப் படுக்கையிலிருந்தபடியே பெற்றுக்கொண்டார். அதன் தொடர்ச்சியாக அவருடைய படங்களைப் பாதுகாக்கும் முயற்சி தொடங்கியது. நெகட்டிவுகள் கல்கத்தாவிலிருந்து லண்டனிலுள்ள ஹெண்டர்சன் படச்சுருள் கூடத்துக்கு அனுப்பப்பட்டன. 1993 ஜூலையில் அந்தக் கூடம் தீப்பற்றியது. கருகியும் உருகியும் எஞ்சிய சுருள்கள், இனி எதற்கும் பயன்படாது என்று தெரிந்தும் தூக்கி எறியப்படாமல், அகாதெமியின் காப்பகத்தில் இருபது ஆண்டுகள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. எறியாமல் வைத்த அந்த முடிவுக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பது இந்தத் தட்டுகளைப் போட்டுப் பார்க்கும்போதுதான் புரிகிறது.

இத்தாலியின் பொலோன்யா நகரிலுள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா என்ற மீட்டெடுப்புக் கூடத்தில், காய்ந்து முறியும் நிலையிலிருந்த சுருள்களுக்கு ஈரப்பதம் ஏற்றி, ஒட்டிக்கொண்டிருந்த பசையையும் மெழுகையும் உருகிய ஒட்டுநாடாவையும் கையாலேயே நீக்கி, சிதைந்த ஓரத் துளைகளைச் சீர்செய்து, ஸ்கேன் செய்யக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் கைவேலையாகவே நடந்திருக்கிறது. அதன் பயனாகப் ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 விழுக்காடும் ‘அபராஜிதோ’வில் 60 விழுக்காட்டுக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே கிடைத்துள்ளன. ‘அபுர் சன்சா’ருக்கு எஞ்சியிருந்த இரண்டு சுருள்கள் பயன்படுத்த முடியாத அளவு சேதமடைந்திருந்ததால், அந்தப் படம் முழுவதையும், மற்ற இரண்டின் விடுபட்ட பகுதிகளையும் வெவ்வேறு காப்பகங்களிலிருந்த நல்ல பிரதிகளிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

இப்படிப் பல இடங்களிலிருந்து சேர்த்த படம் ஒட்டுப்போட்டதுபோல் தெரியுமோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. அப்படித் தெரியவில்லை. கூர்ந்து பார்த்தால் சில இடங்களில் கூர்மை சற்றுக் குறைவது தெரியும். ஆனால் வெளிச்சத்தின் அளவும் கறுப்பின் ஆழமும் காட்சிக்குக் காட்சி மாறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படச்சுருளுக்கே உரிய மணித்தன்மையை, திரையில் நுண்பொடியாகத் தெரிவதை, வழித்தெடுக்காமல் விட்டிருப்பதே இந்தப் பதிப்பில் நான் மிகவும் மதிக்கும் செயல். பழைய படத்தை மெருகேற்றுகிறோம் என்று முகங்களை மெழுகுப் பொம்மைகளாக்கிவிடும் பதிப்புகள் ஏராளமாக வருகின்றன. இங்கே ‘பதேர் பாஞ்சாலி’யில் இந்திர் அத்தையாக நடித்த சுனிபாலா தேவியின் முகச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் அப்படியே இருக்கின்றன. மழைக்கு முன் குளத்து நீரின் மேல் பூச்சிகள் வழுக்கி ஓடும் காட்சியில், பூச்சியின் கால் பட்டு நீர்ப்பரப்பு குழிவதைக்கூடக் காண முடிகிறது. அந்தக் காட்சியின் முடிவில், தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவரின் வழுக்கைத் தலையில் முதல் மழைத்துளி விழுகிறது. பழைய பிரதிகளில் அந்தத் துளி கீறல்களுக்கிடையே கரைந்து போயிருந்தது.

ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவின் பெருமையை இந்தப் பதிப்பு மீட்டுத் தந்திருக்கிறது என்றே சொல்வேன். ‘பதேர் பாஞ்சாலி’ தொடங்கியபோது அவருக்கு வயது 21; அதற்கு முன் சினிமா கேமராவைக் கையாண்டதில்லை. ‘அபராஜிதோ’வில் வரும் காசி வீட்டின் முற்றத்தைக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா ஸ்டூடியோவுக்குள் அமைத்தார். அங்கே, திறந்த வானத்திலிருந்து பரவலாக இறங்கும் வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவருவது என்ற சிக்கல் எழுந்தது. மித்ரா முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் பாய்ச்சி, பட்டுத் திரும்பும் ஒளியில் படமெடுத்தார். இதைப் புத்தகத்தில் படித்திருந்தாலும், அந்த முற்றத்தில் நிற்பவர்களின் நிழலுக்கு விளிம்பே இல்லாமல் இருப்பதை இந்தப் பதிப்பில்தான் கண்ணால் கண்டேன். நல்வாய்ப்பாக, மூல நெகட்டிவ் அதிகம் தப்பிய படமும் அதுதான்.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அக்காலத்து மோனோ ஒலியையே தந்திருக்கிறார்கள். ஐந்து ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துப் புதிய ஓசைகளைச் சேர்க்கும் வேலை எதுவும் இல்லை. ‘பதேர் பாஞ்சாலி’யில் வெளியூரிலிருந்து திரும்பும் தந்தை ஹரிஹர், மகள் துர்கா இறந்ததை அறியாமல், அவளுக்காக வாங்கிவந்த சேலையை மனைவி சர்வஜயாவிடம் நீட்டும் இடத்தை நினைத்துப் பாருங்கள். சர்வஜயாவாக நடிக்கும் கருணா பானர்ஜி வாய்விட்டு அழுகிறார். அழுகுரல் மட்டும் நமக்குக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக ரவிசங்கரின் இசையில், வில்லால் இசைக்கும் நரம்புக் கருவியான தார் ஷெனாயின் உச்சஸ்தாயி எழுகிறது. தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மாநில மொழிப் படங்கள் ஒளிபரப்பான காலத்தில் நான் இதைப் பார்த்தபோது, அந்த இடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி கீச்சிட்டதாகத்தான் காதில் விழுந்தது. இங்கே வில் நரம்பில் உராய்வதும், அது ஒரு மனிதக் குரலுக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதும் தெளிவாகக் கேட்கின்றன. படத்துக்கு வெளியிலிருந்து ஒரு சிறு ஓசையைக்கூடச் சேர்த்திருந்தால் இந்த இடம் பாழாகியிருக்கும்.

‘அபுர் சன்சார்’ மற்ற இரண்டையும்விடச் சற்று மென்மையாகத் தெரிகிறது. மூல நெகட்டிவ் இல்லாததன் விளைவு இது. இருந்தாலும் சௌமித்ர சாட்டர்ஜியும் ஷர்மிளா தாகூரும் அறிமுகமான அந்தப் படத்தின் சின்னஞ்சிறு நுணுக்கங்கள், தலையணையருகே கிடக்கும் கொண்டை ஊசியும், சிகரெட் பெட்டிக்குள் மனைவி எழுதி வைத்திருக்கும் சீட்டும், எதுவும் கண்ணுக்குத் தப்பவில்லை. ஒரு தாம்பத்தியத்தை இவ்வளவு குறைந்த நேரத்தில், இவ்வளவு குறைந்த பொருள்களைக் கொண்டு காட்டிய படம் வேறு உண்டா என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

கூடுதல் இணைப்புகள் தாராளமாகவே உள்ளன. நடிகர்களின் நேர்காணல்கள் சுவையானவை. ராய் தமது முதல் படத்தை எடுத்த அனுபவத்தை எழுதி, 1958இல் தாமே வாசித்த ஒலிப்பதிவு இந்தத் தொகுப்பின் அரும்பொருள், கேட்கத் தவறாதீர்கள்.

குறைகளுக்கு வருகிறேன். துணைத்தலைப்பு ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. அதைவிட வருத்தம் தருவது, இந்தத் தட்டுகள் ‘ஏ’ மண்டலத்துக்கானவை என்பது. ப்ளூரேக்காக உலகம் ‘ஏ’, ‘பி’, ‘சி’ என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது; ஒரு மண்டலத்துக்குப் பூட்டிய தட்டு மற்ற மண்டலத்து ப்ளேயரில் ஓடாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் ‘ஏ’ மண்டலத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால், அங்கே விற்கும் சாதாரண ப்ளேயரிலேயே பார்க்கலாம். இந்தியாவும் இலங்கையும் ‘சி’ மண்டலத்தில் உள்ளன. எல்லா மண்டலங்களையும் ஏற்கும் ப்ளேயர் வைத்திருந்தால்தான் இங்கே படம் ஓடும். வெளியீட்டு உரிமம் நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்கப்படுவதால் வரும் நிலை இது என்பதை அறிவேன். ஆனாலும் மேற்கு வங்க அரசின் பணத்தில் முடிக்கப்பட்ட ஒரு படத்தின் இவ்வளவு சிறந்த பதிப்பு, வங்காளத்திலுள்ள ஒரு வீட்டின் சாதாரண ப்ளேயரில் ஓடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் பக்கம் நிலைமை இன்னும் மோசம்: 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதா’ஸுக்கு, மீட்டெடுக்கக் கருகிய சுருள்கூட இல்லை.

விலையும் சுங்கவரியும் சேரும்போது கையைக் கடிக்கும் என்பது உண்மைதான். ராயின் படங்களை ஒருமுறை பார்த்து முடித்துவிட்டால் போதும் என்பவர்களுக்கு இது தேவையில்லை. திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். மீட்டெடுப்புப் பணியைக் காட்டும் குறும்படம் ஒன்றும் இதில் இருக்கிறது. அதை மூன்று படங்களையும் பார்த்து முடித்த பிறகே போடுங்கள். கருகிய சுருள்களை முதலில் பார்த்துவிட்டால், கதையை விட்டுவிட்டு ஒவ்வொரு காட்சியிலும் கண் தீத்தழும்பைத் தேடத் தொடங்கிவிடும்.