துணை முதல்வர் பதவியா, ஓராண்டுக் களப்பயிற்சியா? நகரப் பள்ளி முதல்வராகும் இரு வழிகள்

அமெரிக்கப் பெருநகரங்களில் பள்ளி முதல்வராக வருவோர் பெரும்பாலும் ஆசிரியர், துணை முதல்வர், முதல்வர் என்று படிப்படியாக ஏறியவர்கள். இன்னொரு வழியும் உண்டு. திறமையான ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து, அனுபவமுள்ள முதல்வர் ஒருவரின் அருகிலேயே ஓராண்டு வைத்துப் பழக்குவார்கள்.

முதல் வழியில் வருபவருக்குப் பள்ளியின் அன்றாடம் அத்துப்படி. விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பை யாரிடம் கொடுப்பது, தாமதமான பேருந்தை எப்படிச் சமாளிப்பது, கோபத்தோடு வரும் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் கைப்பழக்கமாகிவிடும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பல பள்ளிகளில் துணை முதல்வருக்கு ஒதுக்கப்படுவது மாணவர் ஒழுங்கு, உணவுக்கூடம், பேருந்து, தேர்வு ஏற்பாடு ஆகியவையே. ஐந்தாறு ஆண்டுகள் அதை மட்டும் செய்தவர், ஒரு வகுப்பில் இருபது நிமிடம் உட்கார்ந்து, ஆசிரியர் கேட்ட எந்தக் கேள்வி மாணவர்களை யோசிக்கவிடாமல் செய்தது என்று கண்டுபிடித்து, அதை அவர் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லிப் பழகியிருக்க மாட்டார். முதல்வரான பிறகும் தனக்குத் தெரிந்த வேலைக்கே திரும்புவார். தாழ்வாரம் அமைதியாகிவிடும், கற்பித்தல் பழையபடியே இருக்கும்.

இரண்டாவது வழி இந்தக் குறையை நேராகக் குறிவைக்கிறது. 2003-இல் தொடங்கிய நியூயார்க் நகரத் தலைமைத்துவ அகாதெமி நடத்திய பயிற்சி 14 மாதங்கள் நீண்டது: தீவிரமான ஒரு கோடைக்கால வகுப்பு, வழிகாட்டி முதல்வரிடம் 10 மாதங்கள், புதிய பள்ளிக்குத் திட்டமிட மீண்டும் ஒரு கோடை. சிகாகோவில் இலினாய் பல்கலைக்கழகம் நடத்தும் முனைவர் பட்டப் படிப்பிலும் ஊதியத்துடன் கூடிய ஓராண்டுக் களப்பயிற்சி உண்டு.

இதற்குச் செலவு அதிகம். ஒருவரின் முழு ஆண்டு ஊதியமும் பயிற்சிக்கே போகிறது. பயிற்சி கெட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் பணம் இல்லை, வேலைப் பங்கீடுதான். வழிகாட்டி முதல்வர் பயிற்சி பெறுபவரைக் கூடுதல் எடுபிடியாக வைத்துக்கொண்டால் அந்த ஆண்டு வீண். பயிற்சி பெறுபவர் சேரும்போதே, எந்தப் பாட ஆசிரியர் குழுவுக்குத் தான் பொறுப்பு, வாரத்துக்கு எத்தனை வகுப்புகளைப் பார்க்க வேண்டும், எந்த முடிவுகளைத் தானே எடுக்கலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அமைதியாக ஓடும் பள்ளியில் பழகியவரைத் தடுமாறும் பள்ளிக்கு அனுப்புவது இன்னொரு தவறு. அவர் கற்ற பாதி அங்கே உதவாது.

தேர்வு செய்வது யார் என்பதும் கணக்கில் வர வேண்டும். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிகாகோவின் பெரும்பாலான பள்ளிகளில் முதல்வரைத் தேர்ந்தெடுப்பது பெற்றோர், பகுதி மக்கள், ஆசிரியர்கள் அடங்கிய உள்ளூர்ப் பள்ளி மன்றம். ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு. தொடக்கப்பள்ளி மன்றத்தில் பெற்றோர் மட்டுமே ஆறு பேர். அங்கே, அதே பள்ளியில் துணை முதல்வராக இருந்து பெற்றோருக்கு முகம் பழகியவருக்குத்தான் கை ஓங்கும். களப்பயிற்சி முடித்து வெளியிலிருந்து வருபவர் நேர்காணலுக்கு முன்பே அந்தப் பகுதியை நன்றாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

எங்கள் கணிப்பில், துணை முதல்வர் காலத்தையே களப்பயிற்சியாக மாற்றுவதுதான் மலிவானது, நீடிப்பதும் அதுவே. ஒழுங்கு வேலையில் பாதியை வேறொருவருக்குப் பிரித்துக் கொடுத்து, ஒரு பாடத்துறையை முழுதாகத் துணை முதல்வரிடம் ஒப்படைத்தால் போதும். முதல்வர்களைத் திட்டமிட்டு உருவாக்குவது பலன் தரும் என்பதற்குச் சான்றும் உண்டு. வாலஸ் அறக்கட்டளை 2011-இல் ஆறு பெரிய பள்ளி மாவட்டங்களில் தொடங்கிய திட்டம், தெளிவான தகுதி வரையறை, முன்பயிற்சி, கறாரான தேர்வு, பணியில் சேர்ந்தபின் ஆதரவு ஆகிய நான்கையும் ஒன்றாகக் கோத்தது. ராண்ட் ஆய்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அங்கே புதிய முதல்வர் வந்த பள்ளிகள் ஒத்த பிற பள்ளிகளைவிட வாசிப்பில் 6 சதமானப் புள்ளிகளுக்கும் (நூற்றுக்கு எத்தனையாவது இடம் என்ற தரவரிசைக் கணக்கு) சற்று மேலாகவும், கணிதத்தில் ஏறக்குறைய 3 புள்ளிகளும் முந்தின. செலவு ஆண்டுக்கு ஒரு மாணவருக்குச் சுமார் 42 டாலர்.

எந்த வழியில் வந்தாலும் முதல் இரண்டு ஆண்டுகள் வழிகாட்டி ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அவரே மதிப்பீட்டு அறிக்கை எழுதும் அதிகாரியாகவும் இருந்தால் புதிய முதல்வர் தன் தடுமாற்றத்தை வாய் திறந்து சொல்ல மாட்டார். இந்த இரு பொறுப்புகளும் வேறு வேறு ஆட்களிடம் இருக்கட்டும்.