பிக்கப்புக்கு மாற்று டேங்க்: இரும்பா, பிளாஸ்டிக்கா, அலுமினியமா?

பழைய எரிபொருள் டேங்கை இறக்கியதும் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது எந்தப் பக்கத்திலிருந்து அழிந்தது என்பதுதான் அடுத்ததைத் தேர்ந்தெடுக்க வழிகாட்டும். டேங்கைத் தாங்கிப் பிடிக்கும் பட்டைகள் அணைத்திருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தால், இடுக்கில் தங்கிய சேறும் ஈரமும் வெளியிலிருந்து அரித்திருக்கின்றன. அடித்தட்டில் ஊசித்துளைகளும் உள்ளே செம்பழுப்புத் தூளும் இருந்தால் பகை உள்ளே இருக்கிறது. பாதி காலியான டேங்கில் காற்றின் ஈரம் குளிரில் நீராகி அடியில் இறங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த நீரை ஓரளவுக்கு உறிஞ்சிக்கொள்ளும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகக் கீழே படியும்.

வெளி அரிப்புதான் காரணம் என்றால் இரும்புத் தகட்டு டேங்கையே மறுபடி வாங்குவதில் தவறில்லை. கல் தெறித்தால் நசுங்குமே தவிர எளிதில் உடையாது. எக்ஸாஸ்ட் குழாயின் வெப்பத்தையும் தாங்கும். பட்டைக்கு அடியில் நல்ல ரப்பர் பட்டியும் வெளியே தடித்த பூச்சும் கொடுத்தால் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் உட்பூச்சு என்ன என்று கேட்காமல் வாங்கக்கூடாது. துத்தநாகப் பூச்சு டீசலுக்கு ஆகாது. டீசலில், குறிப்பாக பயோடீசல் கலந்ததில் உள்ள அமிலங்களோடு துத்தநாகம் வினைபுரிந்து சோப்பு போன்ற பிசினை உண்டாக்கும். அது ஃபில்டரையும், எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் அடைக்கும். டேங்கில் மிச்சம் பிடித்த பணம் இன்ஜெக்டரில் போய்விடும்.

உள்ளிருந்து துருப்பிடித்ததென்றால் பிளாஸ்டிக்தான் என் தேர்வு. வண்டியோடு வரும் தரமான பிளாஸ்டிக் டேங்க் பெரும்பாலும் 6 அடுக்குகள் கொண்டது. அடர் பாலிஎத்திலீனுக்கு நடுவே எத்திலீன் வினைல் ஆல்கஹால் என்ற மெல்லிய அடுக்கு இருக்கும். ஆவி கசியாமல் தடுப்பது அதுதான். மலிவான ஒற்றை அடுக்கு டேங்கின் சுவர் வழியாகப் பெட்ரோல் மெல்ல ஊடுருவும், வண்டி நிறுத்துமிடமெல்லாம் நெடி அடிக்கும். பாலிஎத்திலீன் சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதற்கு முன்பே இளகிக் கோணிவிடும். ஆகவே வெப்பத்தடுப்புத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் டேங்க் மாட்டுவது விபரீதம்.

அலுமினியம் எடை குறைவு, பார்க்கவும் அழகு. எடை குறைப்பதற்கென்றே வண்டியை மாற்றுபவர்களுக்கு அது பொருந்தும். சுமை ஏற்றிக் கரடுமுரடான பாதையில் ஓடும் பிக்கப்பில் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும்போது அதன் வெல்டிங் மூட்டுகள் விரிசல் விடக்கூடும். இரும்புப் பட்டையை நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம்தான் முதலில் அரிபடும்.

பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் கிடைக்கும் டேங்கைப் பற்றி ஒரே பேச்சு: பிளாஸ்டிக் என்றால் விரிசல் பார்த்து வாங்கலாம், இரும்பு என்றால் உங்களுடையதற்கு வந்த அதே நோய் அதற்கும் தொடங்கியிருக்கும். பழையதற்கே ஒட்டுப்போட்டு உள்ளே ரசாயனப் பூச்சு ஊற்றுவது, மாற்று டேங்க் எங்குமே கிடைக்காத அரிய வண்டிக்கு மட்டும் சரி. துரு முழுதாகப் போகாமல் ஊற்றினால் பூச்சு செதில் செதிலாக உரிந்து பம்பை அடைக்கும். ஒன்று மட்டும் கண்டிப்பு: நிறைந்த டேங்கைவிட, ஆவி நிறைந்த காலி டேங்கே நெருப்புக்கு அருகில் ஆபத்தானது. தண்ணீரில் அலசிவிட்டோம் என்று வீட்டில் வெல்டிங் வைக்காதீர்கள்.

எந்தப் பொருள் என்ற கேள்விக்கே எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வாங்கியவர்கள் திரும்பக் கடைக்கு ஓடுவது பெரும்பாலும் வேறு காரணங்களுக்காக. பம்ப் இறங்கும் வாயின் விட்டம், டேங்கின் ஆழம், உள்ளே எரிபொருள் அலைபாயாமல் நிறுத்தும் தடுப்புத் தகடுகள் ஆகிய மூன்றையும் அளந்து பாருங்கள். கார்புரேட்டர் காலத்து டேங்கில், இன்ஜெக்ஷன் வண்டிக்கு வேண்டிய தடுப்பு பெரும்பாலும் இருக்காது. எரிபொருள் குறைவாக இருக்கும்போது ஒரு வளைவில் அது ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும். டேங்கினுள் அமர்ந்த மின்பம்பைக் குளிர்விப்பது அந்த எரிபொருளே.

எரிபொருள் மட்டத்தை முகப்பிலுள்ள மானிக்குச் சொல்லும் மிதவையின் மின்தடையும் ஒத்துப்போக வேண்டும். பழைய ஃபோர்டு வண்டிகளில் காலிக்கு 73 ஓம், நிறைந்தால் 10 ஓம். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய பிக்கப்புகள் பலவற்றில் காலிக்கு 0, நிறைந்தால் 90. ஒன்றின் மிதவையை மற்றதன் மானியோடு இணைத்தால் டேங்க் நிரம்ப நிரம்ப முள் காலியை நோக்கி இறங்கும்!

பெரிய டேங்க் ஆசை இருந்தால் எடையையும் கணக்கில் வையுங்கள். கூடுதலாக 40 லிட்டர் டீசல் என்றால் ஏறத்தாழ 34 கிலோ. அது சுமை ஏற்றும் வரம்பிலிருந்து கழியும். எதை மாட்டினாலும் பம்ப் வாயின் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள். பழைய வளையம் ஊறிப் பெருத்திருக்கும், மறுபடி பள்ளத்தில் சரியாக உட்காராது. பட்டைகளும் துருவேறியிருந்தால் அவற்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்; டேங்கை மீண்டும் இறக்குவதைவிட அது மலிவு.