ஜூன் மாத நார்வே சைக்கிள்–படகுப் பயணமா? பணம் கட்டும் முன் படியுங்கள்

நார்வே ஃபியோர்டுகளுக்கு (மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே புகும் கடல்) சைக்கிளும் படகுமாகக் குழுப் பயணம் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் கொடுத்த புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால், எங்களைக் கூட்டிப்போன நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை.

அவர்கள் விளம்பரத்தில் சொன்னது இதுதான்: ஹாகாஸ்டோலில் கிளம்பி ராலர்வேகன் பாதையில் ஃபின்சே, மிர்டால் வழியாக ஃப்லோம் வரை சுமார் 80 கி.மீ. மறுநாள் கரையோரமாகவே குட்வாங்கன் வரை சைக்கிள், திரும்பும்போது குழுவுக்கென்று தனிப் படகு. புறப்பாடு ஜூன் நடுவில்.

ராலர்வேகன், 1909-இல் திறந்த பெர்கன் ரயில் பாதையைக் கட்டும்போது சாமான் கொண்டுபோகப் போட்ட வழி. உச்சி 1,343 மீட்டர். பல வருடங்களில் ஜூலை நடுவரைகூட அங்கே பனி விலகாது. ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இவர்கள் கேட்கவில்லையா, தெரிந்தேதான் விற்றார்களா? ஃபின்சே போய்ச் சேர்வதற்குள்ளேயே பனித்திட்டுகளில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அதற்கு மேல் பாதையே கண்ணில் படவில்லை. வழிகாட்டியாக வந்த பையனுக்கும் அதுதான் முதல் தடவை, பாவம். நிறுவனத்தைப் போனில் பிடித்தால், "ரயிலில் மிர்டால் போய்விடுங்கள்" என்றார்கள். டிக்கெட் எங்கள் செலவு.

மிர்டாலில் இருந்து இறக்கம். சரளைக்கல் சாலை, 21 கொண்டை ஊசி வளைவுகள். ஆரம்பத்திலேயே என் பின் பிரேக் கிறீச்சிட்டது. நிறுத்திப் பார்த்தால் பிரேக் கட்டையில் ரப்பரே இல்லை. இரும்பு ரிம்மைச் சுரண்டிக்கொண்டிருந்தது. தொட்ட விரலில் கரிய பொடி ஒட்டியது. மற்றவர்கள் சைக்கிளையும் பார்த்தோம், பாதிக்கு மேல் இதே கதி. அப்புறம் என்ன, கீழே வரை தள்ளிக்கொண்டுதான் போனோம்.

மறுநாள் நடந்தது அதைவிடக் கூத்து. ஃப்லோமுக்கும் குட்வாங்கனுக்கும் நடுவே கரையோரச் சாலையே கிடையாது. நெடுஞ்சாலை மலைக்குள் போகிறது. குட்வாங்கா சுரங்கம் மட்டுமே 11 கி.மீ.க்கு மேல், சைக்கிளுக்கு அனுமதி இல்லை. விளம்பர வரைபடத்தில் தண்ணீரை ஒட்டி அழகாக ஒரு கோடு போட்டிருந்தார்களே, அதைப் போட்டவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். தனிப் படகு என்றது, யாரும் டிக்கெட் வாங்கி ஏறும் சாதாரணச் சுற்றுலாப் படகு. படகு போகும் நேரோய் ஃபியோர்டின் அழகைக் குறை சொல்ல மாட்டேன், 2005-இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிற இடம். ஆனால் தனிப் படகுக்கென்று எங்களிடம் கறந்த தொகைக்கும் டிக்கெட் கவுண்டரில் எழுதியிருந்த விலைக்கும் சம்பந்தமே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்கிறார்கள். சரி, பிரேக்கும் சுரங்கமும் வானிலையா?

ராலர்வேகன் போக ஆசைப்பட்டால் ஜூலை பிற்பகுதிக்குப் பிறகு தேதி பாருங்கள். படகின் பெயரையும் புறப்படும் நேரத்தையும் எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஜூனுக்குக் கட்டிவிட்டீர்கள் என்றால், விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள். எங்கள் வங்கி முதலில் கேட்டது அதைத்தான்.