பத்து நிமிடத்தில் முடியாத சலுகை

அம்மாவின் அறுபதாவது பிறந்த நாளுக்குக் கண்டாங்கிச் சேலை எடுக்க ஓர் இணையக் கடைக்குள் போனேன். பெயர் வேண்டாம். முதல் பார்வைக்கு அழகான தளம்தான். காரைக்குடித் தூண்கள், ஆத்தங்குடித் தரை, நடுவில் அரக்கு நிறக் கட்டம் போட்ட சேலை. 2019-இல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த கதையும் இருந்தது.

ஆனால் சேலைக்கு ஒரே ஒரு படம். மாடல் கட்டியிருந்ததில் முந்தி தெரியவில்லை. நீளம் 5.5 மீட்டர் என்று போட்டவர்கள், ரவிக்கைத் துணி உண்டா என்று சொல்லவில்லை. சாதாரண ஜவுளிக்கடையில்கூட முந்தியை விரித்துத் தோளில் போட்டுக் காட்டுவார்கள். நிறத்தில் சந்தேகம் என்றால் வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கி வருவார்கள்.

இங்கே படத்துக்குப் பதில் ஒரு கடிகாரம் ஓடியது. பத்து நிமிடத்தில் சலுகை முடியுமாம், 14 பேர் இதே சேலையைப் பார்க்கிறார்களாம். பக்கத்தை மறுபடி திறந்தேன். மறுபடியும் பத்து நிமிடம், அதே 14 பேர்! பணம் கட்டும் இடத்தில் 1,450 ரூபாய் 1,598 ஆகியிருந்தது. டெலிவரிக்கு 99; நான் கேட்காத 'பார்சல் பாதுகாப்பு' 49, டிக் போட்டே வைத்திருந்தார்கள். பொய் அவசரம் காட்டுவது, கூடைக்குள் சத்தமில்லாமல் பொருளைச் சேர்ப்பது இரண்டையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-லேயே தடுக்கப்பட்ட 13 தந்திரங்களில் சேர்த்துவிட்டது.

அப்புறம் முகவரி தேடினேன். குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும் என்பது 2020-இல் வந்த விதி. இவர்கள் அதை நிபந்தனைகள் பக்கத்தின் அடியில், வெளிர் சாம்பல் எழுத்தில் ஒளித்திருந்தார்கள். 49 ரூபாய் டிக்கை எடுத்துவிட்டு, மனசில்லாமல்தான் பணம் கட்டினேன்.

ஐந்தாம் நாள் வந்த சேலையில் ஒரு குறையும் இல்லை. கெட்டி நெசவு, அகலக் கரை, ரவிக்கைத் துணியும் இருந்தது. நிறம் மட்டும் படத்தைவிட ஒரு பிடி கறுப்பு. இவ்வளவு நல்ல சரக்கை வைத்துக்கொண்டு எதற்கு அந்தக் கடிகாரம்? பார்சலைப் பிரிக்கும்போதே எங்கே கிழிசல் என்றுதான் தேடினேன்.

சேலைக்கு ஐந்து நட்சத்திரம், தளத்துக்கு ஒன்றரை. சித்திக்கும் ஒன்று வேண்டுமாம். மதுரையிலிருந்து காரைக்குடிக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான், ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.