மிக்-21 போன இடத்தில் தேஜஸா, ரஃபேலா?

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்தார்கள். 1963இல் படையில் சேர்ந்த விமானம், 62 வருடம் உழைத்துவிட்டது. 2019இல் அபிநந்தன் ஓட்டிப்போனதும் இதே மிக்-21தான், பைசன் ரகம். அது போனதும் விமானப்படையின் ஸ்குவாட்ரன் (போர் விமான அணி) எண்ணிக்கை 29க்கு இறங்கியது. இருக்க வேண்டியது 42.

இந்தப் பள்ளம் ஒரே நாளில் விழுந்ததல்ல. 2007இல் 126 போர் விமானங்களுக்கு டெண்டர் விட்டார்கள். ஆறு விமானங்கள் போட்டியிட்டு, 2012இல் பிரான்சின் ரஃபேல் தேறியது. 18 விமானங்கள் பிரான்சிலிருந்து அப்படியே பறந்து வரும், மிச்சம் 108ஐ நம் அரசு விமான நிறுவனமான ஹெச்.ஏ.எல். இங்கேயே செய்யும் என்பது ஏற்பாடு. சரி, இங்கே செய்யும் விமானத்துக்கு யார் கேரண்டி? முக்கியமாக இதில்தான் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. 2015 ஏப்ரலில் பிரதமர் மோடி பாரிசில் 36 விமானங்களை நேரடியாக வாங்குவதாக அறிவித்தார், பழைய டெண்டர் ரத்தானது. 126 கேட்டவர்களுக்கு 36 கிடைத்தது, அதாவது இரண்டே ஸ்குவாட்ரன்: ஒன்று அம்பாலாவில், இன்னொன்று ஹாசிமாராவில்.

நம் நாட்டுத் தயாரிப்பான தேஜஸையும் ரஃபேலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் தூரத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி தெரியும். இரண்டுக்கும் முக்கோண இறக்கை, இரண்டுக்கும் மூக்கின் வலது பக்கத்தில் நடுவானில் எரிபொருள் உறிஞ்சும் குழாய். ஆனால் கிட்டே போனால் அளவு வேறு. தேஜஸின் இறக்கை அகலம் 8.2 மீட்டர், ஒற்றை எஞ்சின், முழுச் சுமையோடு கிளம்பும்போது 13.5 டன். ரஃபேலுக்கு 10.9 மீட்டர், இரட்டை எஞ்சின், 24.5 டன். குண்டும் ஏவுகணையும் கூடுதல் டாங்குமாக மட்டும் ரஃபேல் 9.5 டன் தூக்கும்.

அதனால் எது சிறந்த விமானம் என்று கேட்டால் ரஃபேல்தான், அதில் சண்டையே இல்லை. ஆனால் காலியானது மிக்-21இன் இடம். எல்லையோரத் தளத்தில் நின்று, சைரன் அடித்ததும் சட்டென்று மேலே ஏறும் சின்ன விமானத்தின் வேலை அது. மொபெட் பழுதானால் லாரி வாங்குவார்களா?

விலையைப் பார்ப்போம். 36 ரஃபேலுக்கு 2016இல் போட்ட ஒப்பந்தம் சுமார் 59,000 கோடி ரூபாய். 83 தேஜஸ் மார்க்-1ஏ (தேஜஸின் மேம்படுத்திய ரகம்) விமானங்களுக்கு 2021இல் போட்டது சுமார் 48,000 கோடி. இதை வகுத்துப் பார்த்து ‘ஒன்றுக்கு இவ்வளவு’ என்று வாதாடுபவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ரஃபேல் தொகைக்குள் மீட்டியோர், ஸ்கால்ப் ஏவுகணைகளும் நமக்கென்றே செய்த மாற்றங்களும் அடக்கம். அதைக் கழித்தாலும் தேஜஸ் மலிவு என்பது மாறாது.

தேஜஸின் நோய் எஞ்சின். அது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கொடுக்கும் எஃப்-404. மார்க்-1ஏ 2024 மார்ச்சிலிருந்து வரத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கான முதல் எஞ்சினே 2025 மார்ச்சில்தான் கையில் கிடைத்தது. உடல் தயார், இதயம் வரவில்லை. இதற்கிடையே அதே வருடம் நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியில் ஒரு தேஜஸ் விழுந்து விமானி இறந்தார். ரஃபேலில் இந்த எஞ்சின் தலைவலி இல்லை, எல்லாம் பிரெஞ்சுச் சரக்கு. ஆனால் நமக்கு அதுவும் இன்னொரு நாட்டின் தயவுதான்.

ஸ்வீடனின் கிரிப்பனை வாங்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதன் புது மாடலுக்கும் எஞ்சின் ஜெனரல் எலக்ட்ரிக்தான். அப்புறம் எதற்கு?

என் ஓட்டு தேஜஸுக்கு. 2025இல் இன்னும் 97க்கு ஆர்டர் போட்டு மொத்தம் 180 ஆகிவிட்டது. அதன் முதல் இரண்டு ஸ்குவாட்ரன்களும் நம் கோவைக்குப் பக்கத்துச் சூலூரில்தான் வேரூன்றின, பழுது பார்க்கும் கைகளும் அங்கே பழகியிருக்கின்றன. ரஃபேல் இன்னும் இரண்டு ஸ்குவாட்ரன் வேண்டுமென்றால் வாங்கட்டும். கடற்படைக்கும் 26 ரஃபேல் வரப்போவதால் உதிரி பாகம் பொதுவாக உதவும். ஆனால் பிரான்சில் செய்ததே பறந்து வரட்டும். இங்கேயே 114 ரஃபேல் செய்யலாம் என்ற யோசனையோடு மறுபடி கேரண்டிப் பேச்சில் உட்கார்ந்தால், 2012இல் ஆரம்பித்த இடத்துக்கே போய் நிற்போம்.